நல்லபடியாக இறங்கிய விமானம்

கேப்டன் நாச்சியப்பன் பஸ் பிடித்துப் பத்மாசனி மேடத்தைப் பார்க்க வந்தார். பயணிகள் விமானம் ஓட்டத் தொடங்கி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. தலையும் நரைத்துவிட்டது. ஆனால் அவருக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தவர் அந்த அம்மாள்தான். மனசு சரியில்லாதபோது வேறு எங்கே போவதென்று அவருக்குத் தெரியவில்லை.

மேடம் பழைய ஓடுதளத்தில் நடந்துகொண்டிருந்தார். பயிற்சிப் பள்ளியை மூடி ரொம்ப நாளாயிற்று. இப்போது அங்கே ஊர்க்காரர்கள் கார் ஓட்டிப் பழகுகிறார்கள்.

“வா நாச்சியப்பா. காத்து எந்தப் பக்கமிருந்து அடிக்குது?”

“தென்கிழக்கு, மேடம்.”

“பரவாயில்லை, மறக்கலை.”

நாச்சியப்பனுக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் காலத்தில் இறங்குவதற்கு முன்னால் ஒருமுறை தாழப் பறந்து, ஓடுதளத்தில் மேயும் ஆடுகளை விரட்ட வேண்டும். சுற்றி வருவதற்குள் பாதி ஆடுகள் திரும்ப வந்து நின்றிருக்கும். பழகுவதற்கென்று இருந்த இரண்டு இருக்கை விமானத்தின் பெட்ரோல் வாசனை சட்டையில் ஏறிக்கொள்ளும். விடுதியில் அதைத் துவைக்க மனசே வராது.

இருவரும் புல் முளைத்த ஓரத்தில் உட்கார்ந்தார்கள்.

“சொல்லு.”

“போன வாரம் ஒரு விமானத்தை எடுக்க மாட்டேன்னுட்டேன், மேடம்.”

“என்ன கோளாறு?”

“ஒரு எஞ்சின்ல ரிவர்ஸ் வேலை செய்யலை. ரேடாரும் விட்டு விட்டுத்தான் வருது.”

தரை தொட்டதும் வேகத்தைக் குறைக்க உதவுவது ரிவர்ஸ். முன்னால் நிற்கும் மழை மேகத்தைக் காட்டுவது ரேடார். இரண்டையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கம்பெனியில் தள்ளிக்கொண்டே வந்தார்கள்.

“தனித்தனியாப் பார்த்தா விதியில இடமிருக்கு, மேடம். ரெண்டும் சேர்ந்தாத்தான் பயம். போற ஊர்ல நல்ல மழை. மலையை வெட்டிப் போட்ட ஓடுதளம். நீளம் கம்மி, முடியுற இடத்துல பள்ளம்.”

“அப்புறம்?”

“பயணிகள் சத்தம் போட்டாங்க. ஃபெலிக்ஸ்னு இன்னொரு கேப்டனைக் கூப்பிட்டாங்க. அவர் கொண்டுபோய்ப் பூ மாதிரி இறக்கிட்டார்.”

அன்றிலிருந்து விமானிகள் அறைக்குள் நாச்சியப்பன் நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. பயந்தாங்கொள்ளி என்று மேலதிகாரி முகத்துக்கு நேரே சொன்னார். பாதுகாப்புத் துறைக்கு எழுதிப் போட்டதற்கும் இன்னும் பதில் இல்லை.

எல்லாவற்றையும் மேடம் குறுக்கிடாமல் கேட்டார்.

“இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தே?”

நாச்சியப்பன் பக்கத்திலிருந்த புல்லைக் கிள்ளினார்.

“இல்லை, மேடம். அன்னைக்கு வீட்டுக்குப் போகாம விமான நிலையத்துலயே உட்கார்ந்திருந்தேன். பத்திரமா இறங்கிட்டதுன்னு தகவல் வந்துது. எனக்கு ஏமாத்தமா இருந்துச்சு. அத்தனை ஜனம் இருந்த விமானம்.”

மேடம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஓடுதளத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“உன்னை முதல்முதலா தனியாப் பறக்க விட இருந்தேனே, அந்த நாள் ஞாபகம் இருக்கா?”

“எப்படி மறக்கும்? தேவகோட்டையிலேருந்து வேன் வச்சு எங்க வீட்டுல எல்லாரும் வந்திருந்தாங்க. எஞ்சின் சத்தம் சரியில்லைன்னு நீங்க நிறுத்திட்டீங்க. விமானம் நிறுத்துற கொட்டகைக்குப் பின்னால போய் அழுதேன்.”

“மெக்கானிக் பொழுது சாயற வரைக்கும் பிரிச்சுப் பார்த்தார். ஒரு கோளாறும் இல்லைன்னுட்டார்.”

“உங்களுக்குச் சங்கடமா இல்லையா?”

“இல்லாம என்ன? உங்க அப்பா முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியலை.”

“அப்புறம் என்ன செஞ்சீங்க?”

“உங்க அம்மா ஒரு தூக்கு நிறைய சீப்புச்சீடை கொண்டு வந்திருந்தாங்க. அதுவரைக்கும் நான் வாயில எதுவும் வைக்கலை. கோளாறு இல்லைன்னு மெக்கானிக் சொன்னதும் நல்லாப் பசிச்சுது. உட்கார்ந்து அவ்வளவையும் சாப்பிட்டேன்.”

நாச்சியப்பன் தலை குனிந்துகொண்டார். எதிரே யாரோ பழகிக்கொண்டிருந்த கார் குலுங்கி நின்றது. மறுபடி கிளம்பிப் போனது.

“நாளைக்குக் காலைல அதே விமானத்தைத்தான் எனக்குப் போட்டிருக்காங்க, மேடம். இன்னும் சரிபண்ணலை. அங்கே மழையும் விடலை.”

“மாட்டேன்னு சொல்லு.”

“மறுபடியும் ஃபெலிக்ஸ் கொண்டுபோய் நல்லபடியா இறக்கிட்டார்னா?”

மேடம் எழுந்து, புடவையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டார்.

“இறக்கட்டும். அவர் திரும்பி வர்ற வரைக்கும் நீ அங்கேயே இரு. வந்ததும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்ச் சாப்பாடு போடு.”