எருமைகளின் இழுவைப் பாட்டு

ஒரு காட்டில் ஓடையோரம் வாழ்ந்த எருமைகளுக்கு வெட்டிய மரத்தடிகளை இழுப்பதுதான் பிழைப்பு. இழுக்கும்போது பாட்டு இல்லாமல் இருக்காது. மூக்காயி என்கிற எருமை முன்னால் நின்று ஓர் அடி பாடுவாள். மற்றவை வாங்கிப் பாடும். யார் கட்டிய பாட்டு என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. முதுகு நோகிறபோதெல்லாம் ஆளுக்கொரு வரி சேர்த்து வளர்த்த பாட்டு அது.

அரசவைப் பாடகர் மயிலார் ஒருநாள் அதைக் கேட்டார். தோகையைப் பார்த்தே பாடகராக்கி வைத்திருந்தார்கள் அவரை. நேரே சிங்கராஜாவிடம் போனார்.

"மகாராஜா, சேற்றில் ஒரு நல்ல பாட்டு கிடக்கிறது. கழுவி எடுத்து அவைக்குக் கொண்டு வருகிறேன். இனி அந்த எருமைகள் வாயில் அது வரக் கூடாது."

ராஜாவும் சரி என்று தலையாட்டிவிட்டார்.

சேதி கேட்டு மூக்காயி மயிலாரிடம் ஓடினாள். "ஐயா, அது எங்க பாட்டாச்சே," என்றாள்.

"தோகை உண்டா, மேடை உண்டா, உனக்கெதற்குப் பாட்டு? அதிலும் வரிக்கு வரி ஒரு ஓட்டை. பாதியில் நிறுத்தி நிறுத்திப் பாடுகிறீர்கள். எல்லாவற்றையும் ராகம் போட்டு அடைத்துவிட்டேன்."

"அடைச்சிட்டீங்களா?" மூக்காயி வாலால் ஈயை ஓட்டினாள். "நல்லதுங்க ஐயா."

ஐப்பசி மழையில் ஏரிக்கரை உடைந்தது. பெரிய மருதமரத் தடி ஒன்றை இழுத்து வந்து உடைப்பில் போட வேண்டும். எருமைகள் வாய்மூடி இழுத்தன. ஒன்று இழுக்கையில் மற்றொன்று மூச்சு வாங்கியது. தடி அசையவில்லை. தண்ணீர் ராஜாவின் குகைக்குள் ஏறியது.

"பாட்டு இல்லாம இழுக்க வராதுங்க, மகராசா," என்றாள் மூக்காயி.

"அவ்வளவுதானே. மயிலாரே, பாடும்."

மயிலார் கரையேறித் தோகை விரித்துப் பாடினார். பாட்டு வளைந்து நெளிந்து போய்க்கொண்டே இருந்தது. எங்கே இழுப்பது? ஒன்று முன்னே பாய, ஒன்று பின்னே சரிய, வடம் அறுந்து நாலு எருமைகள் சேற்றில் குப்புற விழுந்தன.

"எங்கயாச்சும் நிறுத்துவாருன்னு பார்த்தோம்," என்றது விழுந்த எருமைக்கிடா ஒன்று. "அவரு நிறுத்தவே இல்லை."

ராஜா மூக்காயி பக்கம் திரும்பினார். "நீ பாடு."

"இன்னைக்கு மட்டும் வாங்கிப் பாட அது இரவல் சாமான் இல்லீங்க மகராசா. எங்க பாட்டுன்னு எல்லார் முன்னாலயும் சொல்லுங்க. பாடுறேன்."

முழங்கால் தண்ணீரில் நின்ற ராஜா தொண்டையைச் செருமினார். "உங்கள் பாட்டுதான். யாரும் தடுக்க முடியாது."

எருமைகள் அறுந்த வடத்தை முடிந்தன. மூக்காயி கழுத்தை நீட்டினாள்.

"முன்னங்காலை ஊணுங்கடி ஏலேலோ..."

பாடி நிறுத்தினாள். அந்த நிறுத்தத்தில் நாற்பது எருமைகளும் ஒன்றாக இழுத்தன. தடி ஒரு முழம் நகர்ந்தது. அடுத்த அடி, அடுத்த நிறுத்தம், இன்னொரு முழம்.

"அந்த ஓட்டையிலதாங்க ஐயா தடி போகுது," என்றாள் மயிலாரிடம்.

தடி உடைப்பில் போய் உட்கார்ந்தது. ஏரி அடங்கியது. இழுக்க இனி ஒன்றுமில்லை. ஆனாலும் எருமைகள் சேற்றில் குதித்துக் குதித்துப் பாடின. ராஜாவும் கடைசி வரிசையில் நின்று வாங்கிப் பாடினார்.

மயிலார் மெல்ல அருகே வந்தார். "மூக்காயி, எங்கே நிறுத்த வேண்டும் என்று எனக்கும் சொல்லேன்."

"வந்து வடத்தைப் பிடிங்க ஐயா. தானா தெரியும்."

நீதி: உழைப்பில் பிறந்த கலை உழைப்பவருக்கே சொந்தம், அதிகாரமும் மேடையும் அதைப் பறிக்க முடியாது.