சீட்டெடுக்க மறுத்த கை

தேரிக்காட்டிலிருந்து காற்று கிளம்பினால் சிவப்பு மண் வேதக்கோயிலின் பீடம் வரைக்கும் வந்து படியும். அதைப் பெருக்கித் தள்ளுவதும், கூரை உச்சியில் தொங்கும் வௌவால்கள் பெஞ்சுகள்மேல் போட்டுவைப்பதைச் சுரண்டித் துடைப்பதும் அன்னபாக்கியம் அம்மாளின் ஊழியம். ஊழியம் என்று அவர் ஒருவர்தான் சொல்லுவார். சபைக் கமிட்டிக்கு அது கூட்டுகிற வேலை. மைக்கைப் பிடித்துக்கொண்டு செய்தால்தான் கமிட்டி அதை ஊழியம் என்று ஒப்புக்கொள்ளும்.

அம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. துடைப்பம் போகிற போக்கில் ஜெபமும் போகும். "ஆண்டவரே, நல்லது எது, நல்லது மாதிரி வேஷம் போடுதது எதுன்னு பிரிச்சுப் பாக்குத புத்தியத் தாரும்." அவர் கேட்டதெல்லாம் இது ஒன்றுதான். கோயில் வளாகத்து மூலையில் இருந்த தகரக் கூரை அறையே போதும் என்று வாழ்ந்தார்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமோ, நிலம் வாங்குவதோ, எதிலாவது முடிவெடுக்கப் பயம் வந்தால் ஒரு சீட்டில் 'ஆம்', இன்னொன்றில் 'இல்லை' என்று எழுதிச் சுருட்டி, வெள்ளி டம்ளரில் போட்டு, ஜெபம் பண்ணி, ஒன்றை எடுப்பார்கள். வருவது தேவசித்தம். எடுப்பது அன்னபாக்கியம் அம்மாள். வாசிக்கத் தெரியாதவர், கோயிலைக் கூட்டுகிறவர், ஆகவே அவர் கையில் கள்ளம் இருக்காதாம். அத்தனை பரிசுத்தமான கைக்கு அதே வீடுகளில் காப்பி மட்டும் பின்வாசலில், பிளாஸ்டிக் டம்ளரில் வரும்.

மிஷன் பள்ளித் தாளாளர் ஆசீர் துரைசிங் தம் மகன் பிரின்சுக்கு எப்சிபாள் என்ற பெண்ணைக் கேட்டபோதும் சீட்டை எடுத்துக் கொடுத்தது அம்மாள்தான். 'ஆம்' வந்தது. துரைசிங் சத்தமாக ஸ்தோத்திரம் சொன்னார். கல்யாணமாகிக் கொஞ்ச நாளிலேயே எப்சிபாள் ஆளில்லாத மத்தியான நேரங்களில் கோயிலுக்கு வர ஆரம்பித்தாள். ஒருநாள் கடைசி பெஞ்சில் திரும்பி உட்கார்ந்து ரவிக்கையை விலக்கி, "எக்கா, கொஞ்சம் எண்ணெ தேச்சு விடுங்க. எனக்குக் கையெட்டல" என்றாள். முதுகு முழுக்கப் பெல்ட் தடம்.

அடுத்த மழைக்குள் எப்சிபாள் கிணற்றில் கிடந்தாள். கால் வழுக்கிவிட்டது என்றார்கள். அடக்க ஆராதனையில் துரைசிங் எழுந்து, கர்த்தர் தமக்குப் பிரியமான புஷ்பத்தைப் பறித்துக்கொண்டார் என்று பேசினார். மகன் செய்ததைக் கடவுள் தலையில் கட்ட அந்த மனிதருக்குக் கூச்சமே இல்லை.

துக்கம் ஆறுமுன் பிரின்சுக்கு அடுத்த பெண்ணைப் பார்த்தாயிற்று. பள்ளி விடுதியில் சமைக்கும் விதவை லில்லிபாயின் மகள் கெத்சியாள். துரைசிங் கண்ணை உருட்டினால் லில்லிபாய்க்கு மறுநாள் வேலை இருக்காது. மாட்டேன் என்று எப்படிச் சொல்லுவார்? "ஆண்டவர் சித்தம் எப்படியோ" என்று மென்று விழுங்கினார். துரைசிங்குக்கு அது போதும். "அப்ப சீட்டுப் போட்டுருவோம்" என்றார்.

செய்தி வந்தபோது அன்னபாக்கியம் அம்மாள் துடைப்பத்தைச் சாத்திவைத்துவிட்டுப் பீடத்துக்கு முன் முழங்காலிட்டார். "நான் என்ன செய்யணும், சொல்லும்" என்று கேட்டார். அசரீரி ஒன்றும் கேட்கவில்லை. எப்சிபாளின் முதுகுதான் நினைவுக்கு வந்தது, திரும்பத் திரும்ப. அப்போது அவருக்குப் புரிந்தது. ஆண்டவர் எப்போதோ பதில் சொல்லிவிட்டார். தாம்தான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

துரைசிங் வீட்டுக் கூடத்தில் எல்லாரும் கூடினார்கள். சபைப் போதகரான ஐயர் நீளமாக ஜெபித்தார். டம்ளர் அம்மாள் முன் வந்தது.

"கைய விடு, அன்னபாக்கியம்" என்றார் துரைசிங்.

"நான் எடுக்க மாட்டேன், மொதலாளி."

"என்ன, கை சுளுக்கிட்டா?" என்று பிரின்ஸ் சிரித்தான்.

"போன தடவ நான் சீட்டெடுத்த பிள்ளைக்கி முதுகுல எண்ணெ தேச்சதும் இந்தக் கைதான். எல்லாம் பெல்ட்டுத் தடம். ஆண்டவர் கண்ணால காட்டிட்டாரு. காட்டுன பொறவும் சீட்டப் போட்டுக் கேட்டா, அவரப் பொய்யரு ஆக்குத மாதிரில்லா இருக்கு."

துரைசிங்குக்கு முகம் கறுத்தது. "கோயில் கூட்டுதவ தேவசித்தம் சொல்ல வந்துட்டாளோ?"

"நான் சொல்லல. நீங்களும் சொல்லாதீய. கட்டிக்கப் போறவ இங்கதான இருக்கா." அம்மாள் திரும்பினார். "ஏட்டி கெத்சியா, வாயத் தொறந்து சொல்லு."

"எனக்கு வேண்டாம்" என்றாள் கெத்சியாள். எல்லாருக்கும் கேட்டது. ஐயர் தலையைக் குனிந்து டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே அம்மாளின் பாயும் பானையும் தெருவுக்கு வந்தன. லில்லிபாய்க்கும் வேலை போயிற்று. மன்னிப்புக் கேட்கும்வரை இருவரும் கோயிலுக்குள் வரக்கூடாது என்று கமிட்டி தீர்மானம் போட்டது. கிணற்றில் ஒருத்தி செத்ததற்குத் தீர்மானம் போடத் துப்பில்லாத கமிட்டி அது. பட்டுச்சேலைப் பெண்கள் கடைத்தெருவில் அம்மாளைக் கண்டால், "தீர்க்கதரிசியம்மா வாராவ, ஒதுங்குங்கட்டி" என்று கேலி பேசினார்கள். அவர் ஒதுங்கி அவர்களுக்கு வழி விட்டார். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓர் அறையில் கெத்சியாளோடு மூவரும் இட்லி அவித்து விற்றார்கள். மாவாட்டும்போதும் அம்மாளின் ஜெபம் நிற்கவில்லை. கலங்கிய லில்லிபாயிடம், "பிள்ள உசுரோட இருக்காள்லா" என்று மட்டும் சொல்லுவார்.

அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் திருவிருந்து ஞாயிறு வந்தது. உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்தும் மூவரும் போய், கோயில் கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் முழங்காலிட்டார்கள். உள்ளே துரைசிங் முதல் ஆளாகப் பீடத்தண்டை வந்து கையை நீட்டினார். ஐயர் அப்பத்தட்டை எடுத்தார், கொடுக்கவில்லை. கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு படியிறங்கி வாசலைப் பார்த்து நடந்தார்.

"ஐயரே, எங்க போறீய?" என்றார் துரைசிங்.

ஐயர் நின்றார். "எப்சிபா எங்கிட்டயும் வந்து அழுதா. பொறுத்துப் போம்மான்னு அனுப்பி வச்சேன். எனக்கும் தெரிஞ்சுதான் இருந்துது. வாயத் தொறந்தது அந்த அம்மா மட்டுந்தான்."

ஐயர் வெள்ளை அங்கி மண்ணில் புரள ரோட்டோரம் மண்டியிட்டு, முதல் அப்பத்தை அன்னபாக்கியம் அம்மாளின் கையில் வைத்தார். அந்தக் கணத்தில் அம்மாள் ஐயரைக் காணவில்லை. பெருக்கும் தரையெல்லாம் தம் கூடவே நடந்த ஆண்டவர், உள்ளே விடப்படாதவளைத் தேடி வெளியே வந்து, புழுதியில் முழங்காலிட்டு எதிரே இருக்கக் கண்டார்.

"வந்துட்டீரா, அய்யா" என்று மெல்லச் சொன்னார்.

தெளிவு கேட்டு, கிடைத்த தெளிவுக்குத் தம் சோற்றையும் கூரையையும் விலையாகக் கொடுத்து, ஒரு பெண்ணின் உயிரை மீட்ட அன்னபாக்கியம் அம்மாளின் பேரை நாம் தலை தாழ்த்திச் சொல்லுவோம்.