நட்டில் வைத்த பொட்டு

குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு ஐம்பத்தெட்டு. இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் கடலூர் முகத்துவாரத்தில் யாரும் இல்லை.

குரு மங்கையர்க்கரசி பாய்மரப் படகு கட்டுகிறவர். சீடர் அறிவழகன் பஞ்சாலையில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சாமி, சகுனம் எதையும் நம்பாதவர். தன் கையை மட்டும் நம்பினார்.

அந்தக் கைதான் இப்போது அவரைக் கைவிட்டிருந்தது. புதுப் படகில் இன்ஜினையும், தண்ணீருக்குள் விசிறியைச் சுற்றும் ஷாஃப்டையும் சேர்க்க அவர் மாட்டிய கப்ளிங் இரண்டு முறை உடைந்துவிட்டது. இரண்டாம் முறை காற்றில்லாத மதியம். படகு நடுக்கடலில் அசையாமல் நிற்க, மீன்பிடிப் படகு ஒன்று கயிறு கட்டி இழுத்து வந்தது.

"இன்னொரு தடவை உடைஞ்சா வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்று புதுப் படகின் சொந்தக்காரர் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாவது கப்ளிங்கோடு அறிவழகன் குருவிடம் வந்தார்.

"நூல் பிடிச்ச மாதிரி நேரா வெச்சேம்மா. எங்க தப்பு?"

"எங்க வெச்சு நேர் பாத்தீங்க?"

"கரையிலதான். படகு ஆடாம இருக்கணும்ல?"

மங்கையர்க்கரசி மூன்றாவதையும் அதேபோல் கரையில் மாட்டிப் படகைத் தண்ணீரில் இறக்கச் சொன்னார். ஒரு நாள் அப்படியே கிடக்க விட்டார். மறுநாள் பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளை முறுக்கச் சொன்னார்.

"இப்ப கப்ளிங்கைப் பாருங்கண்ணே."

அறிவழகன் போல்ட்டுகளைக் கழற்றி, கப்ளிங்கின் இரண்டு வட்டுகளுக்கும் நடுவே இடைவெளி பார்க்கும் மெல்லிய அளவுத் தகட்டை நுழைத்தார். கரையில் எந்தப் பக்கமும் நுழையாத தகடு இது. இப்போது கீழ்ப்பக்கம் லேசாக வழுக்கிக்கொண்டு போனது.

"கம்பி மேல இருக்கு. இது அடியில கிடக்கு. இது எப்படி நகரும்?"

"உங்க மில்லுல தரை வளையாது. இது படகுண்ணே, கம்பி இழுத்தா அடியும் வளையும்."

அவருக்கு வெட்கமாக இருந்தது. பிறகு இன்ஜினின் கால்களை மயிரிழை மயிரிழையாக ஏற்றி இறக்கினார். சாயங்காலம் ஆனபோது தகடு எந்தப் பக்கமும் நுழையவில்லை. போல்ட்டுகளைப் போட்டு இறுக்கினார்.

"இனிமே உடையாதுல்ல?"

மங்கையர்க்கரசி சிவப்புப் பெயிண்ட் டப்பாவைத் திறந்தார். ஒவ்வொரு நட்டிலும் ஒரு கோடு இழுத்தார். பாதி நட்டின்மேல், பாதி கப்ளிங்கின்மேல்.

அறிவழகன் முகம் சுருங்கியது. "பொட்டா? ஆயுத பூஜையன்னைக்கு மிஷினுக்கெல்லாம் பொட்டு வெக்கிறப்ப வாசல்ல நின்ன ஒரே ஆளு நான்."

"தெரியும்ணே. ஞாயித்துக்கிழமை ஓட்டிப் பாப்போம்."

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் படகை ஓட்டினார்கள். இன்ஜின் முனகக்கூட இல்லை. கரைக்கு வந்ததும் அறிவழகன் டார்ச்சை எடுத்துக்கொண்டு இன்ஜினை மூடிய பலகையைத் தூக்கிப் பார்த்தார். மூன்று நட்டுகளில் கோடு கோடாகவே இருந்தது. நாலாவதில் இரண்டு துண்டாகி, ஒரு கடுகளவு விலகி நின்றது.

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"மூணாவது தடவையும் தப்பாயிடுச்சு, நட்டு நகந்துடுச்சு. எனக்கு இந்தத் தொழில் வராதும்மா. நான் கெளம்பறேன்."

"நகந்தது எப்பத் தெரிஞ்சுது?"

"இப்பதான்."

"போன ரெண்டு தடவை?"

"உடைஞ்ச பெறகு."

மங்கையர்க்கரசி ஸ்பேனரை நீட்டினார்.

அறிவழகன் நட்டை இறுக்கினார். பழைய கோட்டைத் துணியால் துடைத்தார். பெயிண்ட் டப்பாவைத் தானே வாங்கி, புதுக் கோடு இழுத்தார். உலரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது.

"ஆக, இந்த வயசுல என்னையும் தினம் பொட்டு வெச்சுக் கும்பிட வெச்சுட்டீங்க."

"கும்பிட வேண்டாம்ணே. குனிஞ்சு பாத்தாப் போதும்."