கை நனைத்தவள்

தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று எனக்கு ஒரே பயம், மக்களே. அந்த ராஜாவின் பேர்கூட வாயில் வரமாட்டேன் என்கிறது. பேர் போனால் போகட்டும், நடந்ததைக் கேளுங்கள்.

எந்தக் காலமோ, பனங்காட்டுச் சீமையில் மழை பொய்த்தது. பனை பட்டது, கிணறு வற்றியது, அடுப்பு அணைந்தது. சனங்கள் பிழைப்புத் தேடிச் சிதறினார்கள். சிலர் கடற்கரைக்குப் போனார்கள். சிலர் ஆற்றங்கரைப் பட்டணத்துக்கு வந்தார்கள். அப்படி வந்தவள்தான் காராயி. சந்தை ஓரம் குடிசை போட்டு, கருப்பட்டிப் பணியாரம் சுட்டு விற்றாள்.

ஒரு வருஷம் பட்டணத்தில் உப்பு தீர்ந்தது. பட்டணத்து வியாபாரிகள் முன்பு ஏமாற்றியதால், கடற்கரை உப்பளத்தார் உப்புத் தருவதை நிறுத்திவிட்டார்கள்.

"வந்தேறிகள் பெருகினதால்தான் பற்றாக்குறை. விரட்டுங்கள்" என்றார் பெருவணிகர் தனவேலர்.

"அமாவாசைக்குள் உப்பு கொண்டுவருகிறவர் சொல்தான் நிற்கும்" என்றார் ராஜா.

தனவேலர் பொன்னோடு போனார். "போன தடவையும் பொன்தான் காட்டினீர், உள்ளே பித்தளை!" என்று உப்பளத்தார் கதவடைத்தார்கள். தளபதி வாளோடு போனான். உப்பளத்துச் சனங்கள் தோணியேறிக் கடலுக்குள் போய்விட்டார்கள். மூன்றாவதாகக் காராயி கிளம்பினாள். தோற்றால் குடிசை போகும், அவள் சனம் மறுபடி தெருவில் நிற்கும்.

கடற்கரையில், பஞ்சத்தில் பிரிந்த அண்ணன் மனைவி சீனியம்மையின் வீட்டைத் தேடிப் பிடித்தாள்.

"வாடி மகராணி! உப்பு தீர்ந்ததும்தான் வழி தெரிந்ததா? உட்கார், கூழ் ஊற்றுகிறேன்."

இல்லாத வீட்டுக்குப் பாரமாகிவிடுவோமோ என்று காராயி பயந்தாள். "சாப்பிட்டுவிட்டேன், மதினி."

சீனியம்மையின் முகம் மாறியது. "அப்படியானால், யார் வீட்டில் சாப்பிட்டாயோ அவர்களையே உப்பளத்தாரிடம் உனக்குப் பிணை நிற்கச் சொல்."

அப்போதுதான் காராயிக்கு உறைத்தது. தன் வீட்டில் கை நனைத்தவர்களுக்கு மட்டுமே பிணை நிற்பது பனங்காட்டு வழக்கம்.

"பொய் சொன்னேன், மதினி. நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர்தான். ஊற்று."

"உன் வயிறு கத்தினது வாசல்வரை கேட்டதே!" என்று சிரித்துக்கொண்டு சீனியம்மை சட்டி நிறைய ஊற்றினாள்.

பிறகு அவளை உப்பளத்துக்குக் கூட்டிப்போனாள். "இவள் என் வீட்டில் கை நனைத்தவள். ஏமாற்றினால் என்னைக் கேளுங்கள். நான் எங்கே ஓடப்போகிறேன்?"

உப்பளத்தார் நம்பினார்கள். வண்டி வண்டியாக உப்பு வந்தது. அதே வண்டிகளில் பட்டணத்து நெல் கடற்கரைக்குப் போனது.

ராஜா மகிழ்ந்துபோனார். "உன் சனம் இங்கேயே இருக்கட்டும். காவலுக்கு மதில் வேண்டுமா, வாள் வேண்டுமா, பொன் வேண்டுமா?"

காராயிக்கு இன்னும் பயம் போகவில்லை. நாளைக்கு யார் மறுபடி விரட்டச் சொல்வார்களோ! மூன்றும் வேண்டாம் என்றாள். உப்புக்காரர் உறவு பக்கத்திலேயே இருந்தால் யாரும் விரட்டத் துணியமாட்டார்கள் என்று, தன் குடிசைக்குப் பக்கத்தில் ஓர் உப்பளத்துக் குடும்பத்துக்கு இடம் கேட்டு வாங்கினாள். பிறகு தனவேலரிடம் போனாள்.

"ஐயா, உங்கள் மகனைக் கடற்கரையில் கடை வைக்க அனுப்புங்கள். என் மதினி கூழ் ஊற்றுவாள், பிணையும் நிற்பாள்."

மகன் போனான். அங்கே அவன்தான் வந்தேறி. அன்றிலிருந்து தனவேலர் வாயில் அந்தச் சொல் வரவே இல்லை.

பிழைக்க வந்தவரை உறவாக்கிக்கொள்ளும் ஊருக்கே வாணிபமும் வளமும் வழி கேட்டு வரும்.