மருதாயியின் இரண்டு கைகள்

மந்தியும் பன்றியும் மனிதரும் ஒரே மொழி பேசிய அந்தக் காலத்தில், எதிரெதிரே வருகிறவர்கள் தொட்டுத்தான் வணங்கிக்கொள்வார்கள். வலது உள்ளங்கையை எதிரே நிற்பவரின் மார்பில் வைக்க வேண்டும். மூன்று துடிப்பு எண்ண வேண்டும். பிறகு, "இருக்கிறாய்" என்று சொல்ல வேண்டும். அவரும் அதேபோல் தொட்டு எண்ணிவிட்டு, "நீயும் இருக்கிறாய்" என்பார். யானை துதிக்கையின் நுனியை வைக்கும். மயில் அலகை வைக்கும். அது பட்டதும் கூச்சத்தில் நெளியாதவர்கள் கிடையாது.

ஒருவருடைய துடிப்பை எண்ணியவர் அவருக்குத் தீங்கு செய்யமாட்டார். தொட மறுத்தவர் பகையாளி. அந்தக் காட்டில் இருந்த சட்டம் அவ்வளவுதான்.

காட்டின் ஓரத்தில் தினை விளைவித்த ஓர் ஊர் இருந்தது. அங்கே மருந்து அரைக்கிறவள் மருதாயி. முள் குத்திய கால், தேனீ கொட்டிய மூக்கு, உடைந்த கொம்பு என்று எதுவானாலும் அவள் குடிசை வாசலுக்கு வந்துவிடும். கருமந்தி சுருளிக்கு எந்த நோவும் இல்லை. அது வம்பு பேசுவதற்காகவே வரும். வயிற்றில் குட்டியைத் தொங்கவிட்டபடி கூரையில் உட்கார்ந்துகொண்டு, அரைப்பது சரியில்லை, இடிப்பது சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும். மருதாயிக்கு அது இல்லாமல் வேலை ஓடாது.

அந்த ஆண்டு தினை பால் பிடித்த நேரத்தில் பன்றிகள் புகுந்து பாதிக் கொல்லையைத் தின்றுவிட்டன. ஊரார் போய்ப் பேசினார்கள். பன்றிகள் தலையாட்டின, எல்லாரையும் தொட்டு வணங்கி அனுப்பின, மறுவாரமே திரும்பவும் வந்தன. இப்படி மூன்று முறை. கடைசியில் ஊரார் கூடி ஒரு முடிவுக்கு வந்தார்கள். எட்டிக்காயை அரைத்துக் கிழங்கில் தடவி, கொல்லையின் வரப்பில் போட்டுவைப்பது என்று.

எட்டி கொடிய நஞ்சு. சொறிப்புண்ணுக்குப் பூச எப்போதாவது ஒரு துளி அரைப்பதுண்டு. அரைத்த அன்று மருதாயி மணிக்கட்டில் வாழைநார் கட்டிக்கொள்வாள். நாரைக் கண்டவர்கள் அவளைத் தொடமாட்டார்கள். அவள் தொடாததையும் தவறாக நினைக்கமாட்டார்கள். ஆனால் இந்த முறை நார் வேண்டாம் என்று ஊரார் சொன்னார்கள். நாரைப் பார்த்தால் எதற்கு அரைத்தாய் என்று காடே கேட்கும், பன்றிகளுக்குத் தெரிந்துவிடும் என்றார்கள். மருதாயி கொஞ்சம் யோசித்தாள். பிறகு சரி என்றாள்.

காலையிலேயே அரைத்து முடித்தாள். ஓடைக்குப் போய்ச் சாம்பல் போட்டுக் கையைத் தேய்த்தாள். ஒரு முறைக்கு மூன்று முறை கழுவினாள். முகர்ந்து பார்த்தாள். வாசனை எதுவும் இல்லை. கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு திரும்பியபோது வழியில் சுருளி உட்கார்ந்திருந்தது.

"என்னடி, கையை முந்தானைக்குள்ள ஒளிச்சிருக்க? பலாச்சுளையா? எனக்குப் பங்கு கிடையாதா?"

"சுளையுமில்ல ஒண்ணுமில்ல. வேலை கிடக்கு, வழிய விடு."

"அப்ப தொடாமலே போயிடுவியா? நான் எப்ப உனக்குப் பகையாளி ஆனேன்?"

சுருளி சிரித்துக்கொண்டேதான் கேட்டது. ஆனாலும் வயிற்றில் இருந்த குட்டி தலையைத் திருப்பி மருதாயியைப் பார்த்தது. சுருளியின் மார்பில் இண்டமுள் கிழித்த கோடு ஒன்று புதிதாகச் சிவந்திருந்தது. மருதாயி அதைப் பார்த்தாள். மணிக்கட்டில் நார் இருந்திருந்தால் தொடாததைச் சுருளி தவறாக நினைத்திருக்காது. இப்போது மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் ஊர் மானம் போகும். மூன்று முறை கழுவிய கைதானே என்று நினைத்தாள்.

வலது கையை நீட்டிச் சுருளியின் மார்பில் வைத்தாள். ஒன்று. இரண்டு. மூன்று.

"இருக்கிறாய்."

சுருளியும் அவள் மார்பைத் தொட்டு எண்ணிவிட்டு, "நீயும் இருக்கிறாய்" என்றது. அவள் முந்தானையை உதறிப் பார்த்து, உள்ளே சுளை இல்லை என்று தெரிந்ததும் உதட்டைப் பிதுக்கியது. அவர்கள் கொஞ்ச நேரம் பன்றிகளைப் பற்றிப் பேசினார்கள். பேச்சின் நடுவே சுருளி தாடையைத் தடவிக்கொண்டது. வாய் என்னமோ இறுகுகிற மாதிரி இருக்கிறது என்றது. குட்டியை இறக்கிக் கீழே விட்டது. அடுத்த நொடி அதன் உடல் வில்லாக வளைந்து விறைத்து மண்ணில் சாய்ந்தது.

மருதாயி பாய்ந்து கையை நீட்டினாள். நீட்டிய கை பாதி வழியில் நின்றது. நகக்கண்களுக்குள் மெல்லிய கோடாகக் கறுப்பு இருந்தது. எட்டி விழுது.

உயிர் இருக்கிறதா என்று பார்க்க அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான், அந்த மார்பில் கை வைப்பது. அதை இனி அவள் செய்ய முடியாது. நீட்டிய கையோடு அப்படியே நின்றாள்.

மரங்களிலிருந்து மற்ற மந்திகள் இறங்கின. ஓடையில் குளித்துக்கொண்டிருந்த யானை ஈரத்தோடு வந்தது. பன்றிகளும் வந்தன. எல்லாரும் தள்ளியே நின்றார்கள். குட்டி மட்டும் எல்லாரையும் பார்த்துவிட்டு அம்மாவிடம் தவழ்ந்து போனது. காலையில் கண் விழித்ததும் செய்வதுபோல, வணங்குவதற்குத் தன் சின்னக் கையைத் தூக்கியது. அந்தச் சிவந்த கோட்டுக்கு நேராகத்தான் தூக்கியது.

"தொடாதே!" என்று மருதாயி கத்தினாள். "தொடாதேடா கண்ணு. என் கையில எட்டி இருந்துச்சு. அது அங்க பட்டிருக்கு."

குட்டியின் கை அந்தரத்தில் நின்றது.

யானை மெதுவாகத் துதிக்கையை நீட்டி அவள் விரல்களைத் தொடாமல் முகர்ந்தது. உடனே பின்வாங்கியது. யாருக்காக அரைத்தாய் என்று கேட்டது. இனி மறைப்பதற்கு என்ன இருக்கிறது? பன்றிகளுக்காக என்று மருதாயி சொன்னாள்.

கூட்டத்திலிருந்து ஒரு தாய்ப்பன்றி முன்னால் வந்தது. அதற்குக் கோபம் வரவில்லை. கேட்டது சரியாகத்தான் காதில் விழுந்ததா என்று தெரியாதவர்களைப் போல விழித்தது.

"நேத்துக் காலையில இதே கையால என்னைத் தொட்டியே" என்றது. "மூணு துடிப்பும் எண்ணினியே. தினையைத் தின்னோம், அது தப்புத்தான். ஆனா நீ எண்ணினியே, மருதாயி."

மருதாயி நீட்டியிருந்த கையைத் தாழ்த்தினாள்.

பிறகு யானைதான் பேசியது. இனி மனிதர் கை எங்கள் மேல் படக்கூடாது, எங்கள் பேச்சும் உங்கள் காதில் விழாது என்றது. அவ்வளவுதான் அது சொன்னது. கூட்டம் கலைய ஆரம்பித்தது. மந்திகள் சுருளியைத் தொடப் பயந்து, இலைகளைப் போட்டு மூடின.

குட்டிக்கு இதெல்லாம் புரியவில்லை. யாராவது புறப்பட்டால் வணங்கித்தான் அனுப்ப வேண்டும் என்று அம்மா பழக்கியிருந்தது. அது மருதாயியின் முன்னால் வந்து நின்று, தன் மார்பை நிமிர்த்திக் காட்டியது. அவள் தொடுவதற்காகக் காத்திருந்தது.

போய்க்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நின்று திரும்பிப் பார்த்தார்கள். தொட்டால் குட்டி செத்துப்போகும். தொடாமல் போனால் தாயைக் கொன்றவள் பிள்ளையையும் பகைத்தாள் என்றாகும்.

மருதாயி தன் வலது உள்ளங்கையைப் பார்த்தாள். அரைக்கும்போது இடது கைதான் அம்மியைப் பிடித்திருந்தது. கட்டைவிரல் அடியில் அம்மி உரசிய காயம் இருந்தது. நஞ்சு இருந்த வலது உள்ளங்கையைக் காயம் இருந்த இடது உள்ளங்கையோடு சேர்த்து அழுத்தினாள். நஞ்சு மிச்சம் இருந்தால் என்னோடு இருக்கட்டும் என்பதுபோல இடைவெளி இல்லாமல் அழுத்தினாள். சேர்ந்த கைகளைத் தன் மார்பில் வைத்துக்கொண்டாள். கட்டைவிரல்களின் அடியில் துடித்தது. அது சுருளியிடம் அவள் எண்ணிய அதே துடிப்பு. குட்டியின் மார்பிலும் அதுதான் துடித்துக்கொண்டிருக்கும்; தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை. மூன்று எண்ணினாள்.

"இருக்கிறாய்" என்றாள். குட்டியின் முகத்தைப் பார்க்க முடியாமல் தலை தானாகக் கவிழ்ந்தது.

குட்டி தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தது. என்ன சொல்வது என்று அதற்குத் தெரியவில்லை. அதற்குள் வேறொரு மந்தி வந்து அதை அள்ளிக்கொண்டு மரம் ஏறிவிட்டது. "நீயும் இருக்கிறாய்" என்ற பதில் வரவே இல்லை.

நஞ்சு அவளைக் கொல்லவில்லை. இடது கை மட்டும் பல நாள் மரத்துக் கிடந்தது. அரைத்து வைத்திருந்த எட்டியை ஊரார் அம்மியோடு ஆழக் குழிவெட்டிப் புதைத்தார்கள். அதற்குப் பிறகு ஒருவர் மார்பில் ஒருவர் கை வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. அடுத்தவர் கை அன்று எதை அரைத்தது என்று யாருக்குத் தெரியும்? தன் கை அரைத்தது மட்டும்தான் அவரவருக்குத் தெரியும்.

விலங்குகள் நம்மோடு பேசுவதை விட்டதும் அன்றுதான். நாம், வாசலில் விருந்தாளியை வரவேற்கும்போதும் பாயில் அமர்ந்து யோகப் பயிற்சியை முடிக்கும்போதும், எதிரே இருப்பவரைத் தொடாமல், இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றோடொன்று அழுத்தி, கட்டைவிரல் நம் நெஞ்சில் படும்படி வைத்துக்கொண்டு, தலை குனிவதும் அன்று முதல்தான்.