பருந்து கூட்டிப் பார்க்காது

ஓர் ஏரியில் குவளை என்ற முக்குளிப்பான் பறவை இருந்தாள். அவளுடைய ஒரே மகள் பொட்டு, ஏரிப் பள்ளிக்கூடத்தில் முதல் ரேங்க்.

"முதல் ரேங்க்" என்று சொல்லும்போதே குவளைக்கு உடம்பு ஒரு சுற்றுப் பெருத்துவிடும். கேட்டவர்களிடமும் சொல்வாள், கேட்காதவர்களிடமும் சொல்வாள். வெயில் காய வந்த ஆமையைக்கூட விடமாட்டாள்.

பள்ளியில் நீச்சல், பாட்டு, சிறகு கோதுதல், வரிசையில் போதல், முக்குளித்தல் என்று ஐந்து பாடம். எல்லா மார்க்கையும் கூட்டிக் கொக்கு மிஸ் ரேங்க் போடுவார்.

முக்குளித்தல் பரீட்சை மட்டும் ஒரு தினுசாக நடக்கும். முக்குளிப்பான் குஞ்சுகள் தாயின் முதுகில் சவாரி போகிறவை. பரீட்சைக்கும் பொட்டு அம்மாவின் முதுகில் ஏறிக்கொள்வாள். குவளை அவளை இறக்கைக்குள் இடுக்கிக்கொண்டு முங்குவாள், எழுவாள். "பொட்டு முங்கிவிட்டாள்!" என்று கொக்கு மிஸ் முழு மார்க் போட்டுவிடுவார். முங்கியது யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. குவளையும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

கேட்க அவளுக்குப் பயம். போன மழைக்காலத்தில் அவளுடைய இரண்டு குஞ்சுகளைப் பருந்து தூக்கிக்கொண்டு போனது. அன்றிலிருந்து வானத்தில் ஒரு மேகம் நகர்ந்தாலும் அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். மிச்சமிருந்த ஒன்றை முதுகை விட்டு இறக்க மனம் வரவில்லை.

கோடை பிறந்ததும் கொக்கு மிஸ் வேறு ஏரிக்கு மாற்றலாகிப் போனார். நீர்க்காக மிஸ் வந்தார். கறுப்பு உடுப்பு, எந்நேரமும் ஈரம். இறக்கைகளை விரித்துக் காயப்போட்டபடியேதான் பாடம் நடத்துவார்.

வந்த வேகத்தில் ரேங்கை எடுத்துவிட்டார்! ஒவ்வொரு குஞ்சுக்கும் ஐந்து தாமரை இலைகளை ஒதுக்கினார். ஒரு பாடத்தைக் குஞ்சு தானாகச் செய்துகாட்டினால் அந்த இலையில் ஒரு நத்தை ஓடு வைப்பார். வராவிட்டால் இலை காலியாக இருக்கும். கூட்டல் கிடையாது, வகுத்தல் கிடையாது.

பொட்டுவுக்கு நான்கு இலைகளில் ஓடு இருந்தது. முக்குளித்தல் இலை காலி!

குவளை தண்ணீரை அடித்துக்கொண்டு வந்தாள்.

"என்ன மிஸ் இது? என் பொண்ணு ஃபர்ஸ்ட் ரேங்க்!"

"தெரியும்மா. நல்லாப் பாடுறா. வரிசையில அவளை மாதிரி யாரும் போறதில்ல. ஆனா முங்க இன்னும் வரலை."

"அது ஒண்ணுதானே? மத்த நாலையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்க மிஸ்!"

"கூட்டிப் பார்த்தா நல்லாத்தான் இருக்கும். பருந்து கூட்டிப் பார்க்காதேம்மா!"

"பருந்து வந்தா நான் முதுகுல வச்சிக்கிட்டு முங்கிடுவேன்" என்று குவளை திரும்பினாள். நேராகக் கோரைப்புல் ஓரம் போய், "ஏறு பொட்டு" என்றாள். பொட்டு ஏறினாள். குவளை முங்கினாள். ஆனால் பொட்டு இப்போது வளர்ந்துவிட்டாள். எவ்வளவு உந்தினாலும் ஆழம் போக முடியவில்லை. பொட்டுவின் வால் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றது.

"ஐயோ, வாலைப் பாருங்கடி! பருந்துக்குக் கொடி காட்டுறா!" என்று கரையிலிருந்து சிரித்தாள் நீர்க்கோழி சிவந்தி. அவள் மகன் இரண்டாம் ரேங்க். அந்த ஆற்றாமை அவளுக்கு.

குவளை சிரிக்கவில்லை. மிஸ்ஸிடம் திரும்பிப் போனாள். இந்தத் தடவை சத்தமில்லாமல்.

"நீங்களே கத்துக்குடுத்திடுங்க மிஸ். நான் கண்ணை மூடிக்கிறேன்."

"நான் சொல்லிக்குடுத்தா ஆகாதும்மா. என் சிறகு நனையும். அந்தக் கனத்துல முங்கிடுவேன். உன் பொண்ணு சிறகு நனையாது. அவ தலையைச் சரியா விடுறா, காலையும் சரியா உதைக்கிறா. சிறகுக்குள்ள காத்து மட்டும் நிக்குது. அதான் நெட்டித் தக்கை மாதிரி மேல வந்துடுறா. அந்தக் காத்தை எப்படி வெளிய விடுறதுன்னு உனக்குத்தானே தெரியும்?"

குவளைக்குத் தெரியும். அதை அவள் ஒருநாளும் சொல்லிக்கொடுத்ததில்லை, அவ்வளவுதான். இத்தனை நாள் ரேங்க் என்ற ஒற்றை வார்த்தையில் மறைந்துகிடந்த குறை, இப்போது கைக்கு எட்டுகிற அளவில் சின்னதாய்த் தெரிந்தது. காற்றை வெளியே விட வேண்டும். இவ்வளவுதானா!

மறுநாள் காலை அவள் மகளை முதுகிலிருந்து இறக்கினாள். பக்கத்திலேயே நீந்தினாள்.

"சிறகை உடம்போட ஒட்டவை. இன்னும். இன்னும் அமுக்குடி!"

"அமுக்கிட்டேம்மா!"

"எங்க அமுக்கின? பூரி மாதிரி இருக்க!"

பொட்டு முங்கப் பார்த்தாள். மிதந்தாள். மறுபடி முங்கப் பார்த்தாள். மறுபடியும் மிதந்தாள். சிவந்தி அக்கம்பக்கத்து நீர்க்கோழிகளையெல்லாம் கூட்டிவந்து வேடிக்கை பார்த்தாள். "ஃபர்ஸ்ட் ரேங்க் மிதக்குது, வாங்கடி!"

பொட்டு அழுதுகொண்டே மிஸ்ஸிடம் போனாள்.

"மிஸ், இத்தனை தடவை தோத்திருக்கேன். அதையெல்லாம் கழிச்சிக்குவீங்களா?"

"எதுக்குக் கழிக்கணும்? நீ முங்குற அன்னைக்கு முங்கிட்ட. அதுக்கு முன்னாடி மிதந்ததுக்கெல்லாம் யாரும் கணக்கு வைக்கலை. போ, போய் இன்னொரு தடவை மித!"

பொட்டுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

அதற்கப்புறம் ஒருநாள் பாதித் தலை முங்கியது. இன்னொரு நாள் தலையும் கழுத்தும் முங்கி, பின்பக்கம் மட்டும் மேலே நின்றது. குவளைதான் தினமும் பயத்தில் செத்துப் பிழைத்தாள். ஒவ்வொரு தடவையும் இறக்கையைத் தூக்கி "வா, ஏறிக்கோ" என்று சொல்ல வாய் வரை வரும். விழுங்கிக்கொள்வாள்.

ஒரு மத்தியானம் தாயும் மகளும் ஏரியின் நடுவில் இருந்தார்கள். தண்ணீர்மேல் ஒரு நிழல் விழுந்தது.

பருந்து!

குவளைக்கு எல்லாம் மறந்துபோனது. பழைய பழக்கத்தில் இறக்கையை விரித்தாள். "ஏறு பொட்டு! ஏறு!"

பொட்டு அம்மாவின் முதுகைப் பார்த்தாள். மேலே பார்த்தாள். சிறகுகளை உடம்போடு ஒட்ட அழுத்தினாள். குபுகுபுவென்று குமிழிகள் கிளம்பின. அவள் இருந்த இடத்தில் ஒரு வட்ட அலைதான் மிச்சம்!

பருந்தின் நகம் குவளையின் தலையை உரசுவதற்குள் அவளும் முங்கினாள். முதுகில் கனம் இல்லாததால் கல் மாதிரி இறங்கினாள். மேலே பருந்து வெறும் தண்ணீரைக் கீறிவிட்டுக் கத்திக்கொண்டு கரையோர மரத்துக்குப் போனது.

குவளை எழுந்து பார்த்தாள். மகளைக் காணவில்லை.

"பொட்டு! என் கண்ணே! பொட்டு!"

பதில் இல்லை. அப்புறம் தூரத்தில் ஓர் அல்லி இலைக்கு அடியிலிருந்து ஒரு சின்ன அலகு மட்டும் வெளியே வந்தது.

"கத்தாதேம்மா! அது இன்னும் அந்த மரத்துலதான் உட்கார்ந்திருக்கு. நீ ஏன் அங்கேயே நின்ன? முங்க மறந்துட்டியா?"

குவளை அழுதாள், சிரித்தாள், எது எதுவென்று அவளுக்கே தெரியவில்லை.

நடந்ததையெல்லாம் கரையிலிருந்து பார்த்த சிவந்தி, சாயங்காலம் தன் மகனைக் கூட்டிக்கொண்டு நீர்க்காக மிஸ்ஸிடம் போனாள். அன்று அவளிடம் கிண்டலே இல்லை.

"மிஸ், இவனுக்கு என்ன ரேங்குன்னு கேட்க வரலை. இவனுக்கு இன்னும் எது வரலைன்னு சொல்லுங்க. இன்னைக்கே ஆரம்பிச்சிடுறோம்."

மொத்த மார்க் பிள்ளையின் குறையை மூடிவைக்கும். எது வருகிறது, எது இன்னும் வரவில்லை என்று தனித்தனியாய்க் காட்டும் மதிப்பீடுதான் வராததையும் வரவைக்கும்.