நீர்க்கட்டி என்று எழுதிய படிவம்

விடை தெரிந்தவர்கள் கடைசிவரை வாயைத் திறக்கக் கூடாது. சம்மதமா? அப்படியானால் கேளுங்கள்.

பாளையங்கோட்டையில் ஒரு ஸ்கேன் சென்டர். அங்கே எம்.ஆர்.ஐ. எடுப்பவள் டயனா. அன்று காலை முதுகுவலி என்று வந்தார் மினிபஸ் டிரைவர் சுடலைமணி, கூடவே மனைவி இசக்கியம்மாள். மெஷினுக்குள் அனுப்புமுன் எல்லோரிடமும் கேட்கிற கேள்விகளை டயனா ஒப்பித்தாள்.

"தலையில ஆபரேஷன் எதுவும் நடந்திருக்கா அண்ணாச்சி?"

"ரெண்டு வருசத்துக்கு முந்தி நீர்க்கட்டி எடுத்தாவ. எனக்கு மூளை இருக்குன்னு ஊருக்கே அன்னைக்குத்தான் தெரியும்! பொறவு முப்பது நாள் கரண்ட் வச்சாவ."

"புத்துநோய் ஏதும்?"

மனைவியை ஒரு பார்வை பார்த்தார். "சேச்சே, இல்லம்மா."

டயனா அப்படியே எழுதிக்கொண்டாள். அவர் உடை மாற்றப் போனதும் இசக்கியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அது புத்துநோய்க் கட்டிதாம்மா. அவியளுக்குத் தெரியாது. தெரிஞ்சா ஒடிஞ்சு போயிருவாவ. யாருகிட்டயும் சொல்லிராத." டயனா தலையாட்டிவிட்டாள்.

மெஷின் அரை மணி நேரம் தடதடவென்று கத்தி ஓய்ந்தது. படத்தில் மூன்று முதுகெலும்புகளில் கறை. படம் பார்க்கும் டாக்டர் ஷாகுல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"எங்கிருந்தோ பரவினது மாதிரி இருக்கு. இல்லேன்னா டி.பி. நுரையீரல், புராஸ்டேட்னு ஒவ்வொண்ணாத் தேடச் சொல்லி எழுதணும். ஆனா தண்டுவடத்தை நெருங்கிடுச்சு. ரெண்டு வாரம் தள்ளினா கால் விளங்காது."

மூளைக் கட்டி எலும்புக்குப் பரவுவது அபூர்வம். படிவத்தில் நீர்க்கட்டி என்று வேறு இருக்கிறது. அந்த எண்ணம் யாருக்கு வரும்? டயனா கண்ணாடிக் கதவு வழியே பார்த்தாள். வெளியே இசக்கியம்மாள் புருஷனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள்.

"சார், அது நீர்க்கட்டி இல்ல" என்றாள் டயனா.

மறைத்த மனைவி, இல்லை என்று சொன்ன புருஷன், ஒப்புக்கொண்டதை மீறிய டயனா. இவர்களில் யார் செய்தது சரி?

விடை: டயனா செய்ததுதான். உடம்பு முழுக்க ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பைத் தவிர வேறெங்கும் புதிதாக ஒன்றுமில்லை. படம் காட்டிய இடத்தில் ஊசி போட்டு எடுத்த துணுக்கில் அதே மூளைக் கட்டி. சிகிச்சை அந்த வாரமே தொடங்கியது, கால்கள் தப்பின. இசக்கியம்மாள் மறைத்தது அன்பினால்தான், ஆனால் மறைக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை. கரண்ட் என்று சுடலைமணி சொன்னது கதிர் சிகிச்சையை. நீர்க்கட்டிக்கு யார் அதை வைக்கிறார்கள்? முப்பது நாள் புற்றுநோயாளிகள் வரிசையில் உட்கார்ந்தவருக்குத் தெரியாமலா போகும்? டாக்டர் விஷயத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, சுடலைமணி மனைவி நின்ற வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டது ஒன்றுதான்:

"அவளுக்குத் தெரியாம வைத்தியம் பாக்க முடியுமா சார்?"